பிளானில் இல்லாத அடுப்பு

இருபத்தொரு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தப் பிரச்சினை வந்தாலும் அதைப் பற்றி ஒரு தாள் எழுதி, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்துவிட்டால் அது தீர்ந்துபோய்விட்டது என்று மனதார நம்பினேன். பி.காம். பாஸ். ஆங்கிலத் தட்டச்சில் ஹையர். கேரள எல்லையோரப் பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிட விவரம் தெரிந்த பெண் கிடையாது என்று ஒரு நினைப்பு வேறு. (அந்த நினைப்பை யாரும் எனக்குத் தரவில்லை. நானாகவே உண்டாக்கிக்கொண்டது.)

அந்த வியாதியை ஒரே நாளில் குணப்படுத்தியவர்கள் இரண்டு பேர். வெடிபொருள் இலாகாவிலிருந்து வந்த ஓர் இன்ஸ்பெக்டர், பக்கத்து வீட்டுச் சரோஜினி அக்கா. வைத்தியத்தின் வலி இன்றுவரை குடும்பத்தில் பேசப்படுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. என் அப்பாவின் தம்பி நேசையன் சித்தப்பா வளைகுடாவில் பத்து வருடம் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். தொட்டிக்கு வெளியே பெயிண்ட் அடித்தாலும், உள்ளே இருக்கும் எண்ணெயும் தனக்கு உறவுக்காரன் என்கிற மாதிரிதான் பேசுவார். அந்த உறவின் பேரில், ஊரில் ஒரு பெட்ரோல் பம்பு போட வேண்டும் என்று முடிவெடுத்தார். (எங்கள் பக்கம் பம்பு. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் அதே சாமானுக்குப் பங்க் என்று பெயர்.) எண்ணெய் கம்பெனி அனுமதி கொடுத்துவிட்டது. மூன்று மாத லீவில் வந்து பம்பைத் திறந்து, ஞானம் சித்தியையும் என்னையும் பொறுப்பில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி விமானம் ஏறிவிடுவது அவர் திட்டம். லீவு முடிந்து ஒரு நாள் தாமதமானாலும் அங்கே வேலை இருக்காது என்று அவருடைய மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெட்ரோல் பம்பு என்றால் குழாய் வைத்து ஊற்றுவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கலெக்டரிடம் ஆட்சேபணையில்லை என்ற சான்று, வெடிபொருள் இலாகாவின் லைசென்ஸ், அளவு சரியென்று முத்திரை, பஞ்சாயத்து அனுமதி, மின்சார இன்ஸ்பெக்டரின் கையெழுத்து என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பியபோது சித்தப்பா கலங்கிப்போனார்.

"அங்கன ஷேக்கு ஒரு கையெழுத்து போட்டா கப்பலே நகரும் மக்ளே. இங்கன ஒரு வாளி மண்ணுக்குக் கடலாசுல கையெழுத்து கேக்கான்."

"சித்தப்பா பேசாம இருங்க. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

எவ்வளவு தைரியம் பாருங்கள்.

சித்தப்பா எனக்கு வளைகுடாவிலிருந்து ஒரு ஸ்டேப்ளரும் பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்திருந்தார். மற்றப் பெண்களுக்கு நைலான் சேலை. எனக்கு ஸ்டேப்ளர்தான் பிடித்தது. ஐந்து இலாகாவுக்கு ஐந்து நிறம் என்று ஃபைல் போட்டேன். வில்லேஜ் ஆபீசுக்கு மலையாளத்தில் மனு எழுத வேண்டியிருந்தது. தமிழ் வாத்தியார் மகள், தமிழ் மீடியம். பேச்சில் தண்ணீராக வரும் மலையாளம், எழுதும்போது தமிழ் எழுத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டது. வில்லேஜ் ஆபீசர் சிவப்பு மையால் பிழை திருத்தி, பரீட்சைத் தாள் மாதிரி திருப்பிக் கொடுத்தார். மார்க் மட்டும்தான் போடவில்லை.

பெட்ரோலியம் விதிகள் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். படித்ததோடு விட்டேனா? "வீட்டில உள்ளவங்களுக்கும் தெரியணும்" என்று சொல்லி, சாயங்கால ஜெபத்தில் சங்கீதம் வாசித்து முடித்ததும் தினம் இரண்டு விதிகளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தொட்டியின் காற்றுக்குழாய் எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்ற விதியை நான் முடித்ததும் சித்தி கண்ணை மூடியபடியே "ஆமென்" என்றாள்.

பம்பு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய தறவாட்டின், அதாவது பழைய ஜமீன் மாதிரியான குடும்பத்தின், நிலம் அது. நிலச் சீர்திருத்தம் வந்தபோது, அந்த நிலத்தில் குடிசை போட்டிருந்த சரோஜினி அக்காவுக்குப் பத்து சென்ட் பட்டயத்தோடு சொந்தமாகிவிட்டது. ரோட்டோரத்தில் மிச்சமிருந்த துண்டைத் தறவாட்டுக்காரர்கள் விற்க, சித்தப்பா வாங்கினார். அக்கா தனி ஆள். கணவர் இறந்து வெகு நாளாகிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பலகாரம் செய்துகொடுத்துப் பிழைத்தாள். அந்தப் பட்டயத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள். யாராவது அவள் வேலிப் பக்கம் நாலு அடி கூட நடந்தாலே கையைப் பானைக்குள் விடுவாள்.

அந்த வேலிப் பக்கம் நான் டேப்போடு போய் நின்றதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பக்கத்து வீட்டு அடுப்புக்கும் எண்ணெய் இறக்கும் இடத்துக்கும் இத்தனை மீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எஞ்சினியர் வரைந்து, மேலே முத்திரை வாங்கிய பிளானில் தூரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் விடுவேனா? இன்ஸ்பெக்டர் வர ஒரு வாரம் இருக்கும்போது, சித்தியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நானே அளக்கப் போனேன். ஒன்றரை மீட்டர் டேப். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு பதினொன்று வரை வந்திருப்பேன், சரோஜினி அக்கா பட்டயத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"எனக்க மண்ண அளக்க நீ ஆருட்டீ? தறவாட்டுக்காரனே அளந்து தோத்துப் போனான் கேட்டியா? பத்து சென்ட், சர்க்கார் தந்ததாக்கும்!"

"அக்கா, மண்ண இல்லக்கா, தூரத்த அளக்குதேன்."

"தூரம் மண்ணுக்க மேலதானே கெடக்கு?"

இதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. அரைமணி நேரம் சமாதானம் பேசினேன். அப்புறம் அளவைத் தொடர்ந்தேன். எங்கே விட்டோம் என்று யோசித்து, ஏழிலிருந்து தொடர்ந்தேன்.

கூட்டிப் பார்த்தால் சட்டம் சொன்ன தூரத்துக்கு ஒன்றரை மீட்டர் குறைந்தது.

 இப்போது யோசித்தால், முத்திரை வைத்த பிளான் ஒன்று சொல்கிறது, சண்டைக்கு நடுவே தையல் டேப்பால் அளந்தது வேறொன்று சொல்கிறது என்றால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் எஞ்சினியரைச் சந்தேகப்பட்டேன். தூரம் குறைவு என்று தெரிந்தால் ஒன்று பம்பு போகும், இல்லையென்றால் அக்காவின் அடுக்களை போகும். பத்து வருடத்து வெயிலைப் பணமாக்கிப் போட்டிருக்கிற சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பானைக்குள் பட்டயம் வைத்திருக்கிறவளிடம்தான் எப்படிச் சொல்வது? இரண்டு பேரையும் காப்பாற்றும் ஒரே ஆள் நான் என்று தீர்மானித்து, விஷயத்தை எனக்குள்ளேயே பூட்டிக்கொண்டேன். மூன்று நாள் விதிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

நாலாம் நாள் வழி கிடைத்தது. அடுப்பு எரிந்தால்தானே அடுப்பு? புகையே வராவிட்டால் அது வெறும் ஓர் அறை. இன்ஸ்பெக்டர் கவனிக்கவே மாட்டார். நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, திங்கக்கிழமை பெரிய ஆபீசர் சாறு வாறாரு. அவரு போறது வரைக்கும் உங்க அடுக்களையில தீ மூட்டவே கூடாது. ஒரு பொட்டு புகை வரப்பிடாது. எனக்காகச் செய்யணும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னத்துக்கு?"

"சட்டம்," என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அந்த நிமிடமே ஒரு யோசனை தோன்றி, அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அன்னைக்கு சாறுக்கு உங்க கைப் பலகாரந்தான் கொடுக்கப் போறோம் அக்கா. பழம்பொரி. பதினொரு மணிக்கு, நல்ல சூடோட இருக்கணும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. நானும் மலர்ந்தேன். நான் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது என்று எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அது நான் இல்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே தூறல். சித்தப்பா வளைகுடா பேன்ட் போட்டு, அத்தர் பூசி, மழையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, குடை, தோல் பை. டீ வேண்டாம் என்றார். நாற்காலியும் வேண்டாம் என்றார். ஃபைலை வாங்கி நின்றுகொண்டே ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பச்சைப் பகுதி, நீலப் பகுதி, ஊதாப் பகுதி. கடைசித் தாளுக்கு வந்து, "நன்னாயிட்டுண்டு," என்றார். "ஆரா செய்தது?"

சித்தப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எனக்க அண்ணன் மக ஜெயசீலி, சாறே. பி.காம்."

என் வாழ்க்கையின் மிக உயரமான இடம் அதுதான். சரியாக நாலு நிமிடம் அங்கே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் பிளானை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். முன்பக்கம் சரி. காற்றுக்குழாய் சரி. மின்சுவிட்சு சரி. அடுத்தது, தொட்டியில் எண்ணெய் இறக்கும் வாய். அது கட்டடத்துக்குப் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே. நான் ஓரக்கண்ணால் அக்கா வீட்டைப் பார்த்தேன். கூரையில் ஒரு பொட்டு புகை இல்லை. கர்த்தாவே ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மூக்கை நிமிர்த்தினார்.

"எந்தா ஒரு மணம்?"

"நல்ல மணந்தான் சாறே," என்றார் சித்தப்பா, பெருமையாக.

மூலை திரும்பினோம்.

எண்ணெய் இறக்கும் வாயின் மேலே போட்டிருந்த புத்தம்புதுச் சிமெண்ட் மேடையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அதில் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு சடசடவென்று எரிகிறது. மேலே பெரிய இரும்புச் சட்டி. எண்ணெய் கொதிக்க, மாவில் தோய்த்த வாழைப்பழத் துண்டுகளாக ஆறேழு பழம்பொரிகள் மிதந்துகொண்டிருந்தன. தூறலோடு காற்றும் அடித்ததால், தீயணைக்க வரிசையாகத் தொங்கவிட்டிருந்த சிவப்பு மணல் வாளிகள் நான்கையும் கழற்றி, அடுப்பைச் சுற்றி மறைப்பாக வைத்திருந்தாள் சரோஜினி அக்கா. 'புகைவலி பாடில்லா' (புகைபிடிக்கக் கூடாது) என்று நான் எழுதிக்கொடுத்த மலையாளப் பலகையை எதிர்ப்பக்கம் சாய்த்து, சாரலுக்கு மறைப்பாக்கியிருந்தாள். நடுவில் அவள், சாரணிக் கரண்டியோடு, மகாராணி மாதிரி.

"பதினொண்ணு ஆச்சா? வாருங்கோ சாறே. சூடோட எடுத்துக்கிடுங்கோ."

 சித்தப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டார். (நல்லவேளை, லைசென்ஸ் வராததால் தொட்டியில் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.)

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நிதானமாகப் பிளானை விரித்தார். நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"குட்டீ. ஈ அடுப்பு பிளானில் எவிடெயா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். அதுவும் கௌரவமான வழிதான். ஆனால் என் வியாதி அப்போது உச்சத்தில் இருந்தது. தாளில் இல்லை என்பதுதானே குறை?

"வரைஞ்சிரலாம் சார்," என்றேன்.

சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா இருந்தது. அவர் கையிலிருந்த பிளானில், எண்ணெய் இறக்கும் வாயின் மேல், ஒரு வட்டம் போட்டேன். அடுப்புக்கு வட்டம். பக்கத்தில் நாலு சின்ன வட்டம். வாளிகளுக்கு.

இன்ஸ்பெக்டர் அந்த வட்டங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை வைத்த பிளான் அது. அதில் சும்மா ஒரு கோடு இழுத்தாலே செல்லாது.

இதற்குள் சரோஜினி அக்கா எழுந்துவிட்டாள். பெரிய சார், பிளான், எங்கே இருக்கிறது என்ற கேள்வி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வீடுதான் பிளானில் இல்லை என்கிறார்கள்! சாரணியை வீசிவிட்டு ஓடி, அரிசி ஒட்டிய பட்டயத்தோடு திரும்பி வந்தாள்.

"எனக்க வீட பிளான்ல காணேலண்ணா அது நிங்கக்க குற்றம் சாறே! இதப் பாருங்கோ. பத்து சென்ட். சர்க்கார் முத்திரை. இந்தப் பிள்ள எனக்க அடுக்களையில தீ மூட்டக்கூடாதுண்ணு பறஞ்சா. செரி, மூட்டேல. சூடா பழம்பொரி வேணுமிண்ணும் பறஞ்சா. அதுக்குத்தான் இங்கன கொண்டுவந்து மூட்டினேன். நான் ரெண்டு பேச்சையும் கேட்டேன். இனி எங்க போவச் சொல்லுதீங்க?"

சொல்லிவிட்டுப் பட்டயத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பட்டயத்தை இரண்டு கையாலும் வாங்கினார். என் ஃபைலை நின்றுகொண்டு பார்த்தவர், இதை ஒரு கல்லில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தார். அரிசியைத் தட்டிவிட்டு, மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தோல் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, ஒரு முனையைச் சித்தப்பாவிடம் கொடுத்து, தானே தூறலில் நடந்து அக்காவின் அடுக்களை வரை அளந்தார்.

சட்டம் கேட்ட தூரத்தைவிட நாலரை மீட்டர் அதிகம் இருந்தது.

"அம்மே," என்றார் அக்காவிடம், "நிங்ஙளுடெ அடுக்களையில் எத்தனை தீ வேணுமானாலும் மூட்டலாம். ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இவிடெ மட்டும் பாடில்லா."

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். சித்தப்பாவும் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். நான் மணல் வாளியைப் பார்த்தேன்.

புதிய பிளான் வாங்கி, முத்திரை வைத்து அனுப்பினால் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். காரில் ஏறப் போனவர் ஒரு நிமிடம் யோசித்து, பம்பின் எல்லைக் கல்லைத் தாண்டி, ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் இலையில் கொண்டுபோன பழம்பொரியில் இரண்டை, குடைக்குக் கீழே நின்று சாப்பிட்டுவிட்டு, காசும் கொடுத்துவிட்டுத்தான் போனார். எல்லைக்கு வெளியே என்பதால் அதில் விதிமீறல் எதுவும் இல்லை.

புதிய பிளான் வந்து சேர ஏழு வாரம் ஆனது. சித்தப்பாவின் லீவு நான்காவது வாரமே முடிந்துபோனது. தந்திக்கு மேல் தந்தி அடித்தார். கடைசியில் அங்கிருந்து வந்த ஒரு தந்தியில், வேறு ஆள் வைத்துவிட்டோம் என்று இருந்தது.

ஒரு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், "அவகிட்ட அந்த ரேடியோவ கொறைக்கச் சொல்லு," என்று சித்தியிடம் சொல்வார். ஊரில் யார் கேட்டாலும், "எனக்க பாஸ்போர்ட்டப் போட்டுப் பழம்பொரி சுட்டுட்டா," என்பார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து சித்தியிடம் கொண்டுபோனேன். மூன்று நகலோடு. (வியாதி முழுக்கப் போகவில்லை.)

சித்தி அப்போது சித்தப்பாவின் பேன்டைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையாலேயே கடிதத்தை வாங்கினாள். வாசிக்கவில்லை.

"பத்து வருசத்துல மூணு கிறிஸ்மசாக்கும் இந்த மனுசன் வீட்டுல இருந்தது," என்றாள். "இப்ப துணியெல்லாம் இங்கன காயுது. நீ போயி அந்தப் புதுப் பிளான எங்க வெச்சிருக்கண்ணு பாரு. ஸ்கெட்ச் பேனாவ எனக்க கையில தந்துட்டுப் போ."

இரண்டாம் முறை இன்ஸ்பெக்டர் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. நான் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவின் உத்தரவு. லைசென்ஸ் வந்தது, பம்பு ஓடியது. இன்ஸ்பெக்டர் நின்று சாப்பிட்ட அதே இடத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், சரோஜினி அக்கா சாயாக்கடை போட்டாள். லாரிக்காரர்கள் பழம்பொரிக்காகவே எங்களிடம் டீசல் போட வந்தார்கள் என்பது அவள் கட்சி. சித்தப்பா அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. மறுத்ததும் இல்லை.

நான் அந்தப் பம்பில் ஆறு வருடம் இருந்தேன். பிறகு பல பம்புகளுக்கும் கேஸ் ஏஜென்சிகளுக்கும் லைசென்ஸ் வேலைகளைச் செய்துகொடுப்பதே என் பிழைப்பானது. புது இடத்துக்குப் போனால் முதலில் ஃபைலைத் திறக்க மாட்டேன். சுற்றி ஒரு நடை நடந்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சாயா குடித்துவிட்டு வருவேன். காரணம் கேட்பவர்களிடம் அனுபவம் என்று மட்டும் சொல்வேன்.

வீட்டில் அந்த மரியாதை கிடையாது. சாம்பாரில் உப்பு இல்லையென்றால், "வரைஞ்சிரலாம் சார்." பஸ் வரவில்லையென்றால், "வரைஞ்சிரலாம் சார்." என் மகனின் கணக்குப் பரீட்சைத் தாளில் ஒரு விடை விட்டுப்போனபோது, அவனே எனக்கு முன்னால் நின்று இதைச் சொல்லித் தப்பித்தான்.

போன வருடம் சித்தப்பாவின் பேத்தி கல்யாணம். பாறசாலை மிஷன் கோயில் வாசலில் குடும்பத்தோடு போட்டோ எடுக்க எல்லாரும் நின்றோம். சித்தப்பாவின் மூத்த மகன் இப்போது வளைகுடாவில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை. "எனக்க மூத்தவன் மட்டும் படத்துல இல்லையே," என்று சித்தி சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். 

எண்பது தாண்டிய சித்தப்பா, சக்கர நாற்காலியில் இருந்தபடியே சித்தியின் கையைப் பிடித்தார்.

"நீ கரையாதட்டீ. நம்ம ஜெயசீலிய இங்கன விளி. அவ வரைஞ்சு தருவா."

சித்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். போட்டோவும் அப்படித்தான் வந்திருக்கிறது. கோயில் வாசல் மொத்தமும் சிரிக்க, நான் மட்டும் அதில் தலை குனிந்திருப்பேன். வெட்கத்தினால் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், கைப்பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.